ஹடர்ஸ்ஃபீல்டு கோரல் சொசைட்டி: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

படிக்கவும் வேலைக்கும் மேற்கு யார்க்ஷயர் பக்கம் வருகிற நம்மவர்கள், டிசம்பர் பிறந்ததும் ஊர் முழுக்க ஒட்டியிருக்கும், ஏசுவைப் பற்றிய ஹேண்டலின் 'மெசையா' இசைப் படைப்புக்கான சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நான் வேறொரு சின்னக் குழுவில் பாஸ் குரல், அதாவது ஆண்களின் தாழ்குரல், பாடுகிறவன். அதைப் பாடும் கோரல் சொசைட்டி என்ற பாடகர் குழுவுக்கு (கொயருக்கு) ரசிகன் மட்டுமே. அதனால் இங்கே இருப்பது குழுவின் அதிகாரப்பூர்வ விளக்கம் அல்ல. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஹடர்ஸ்ஃபீல்டு ஒரு சின்ன ஊருதானே, அங்க என்ன அப்படிப் பெரிய கொயர்?

லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே, பென்னைன் மலையடிவாரத்தில் உள்ள பழைய கம்பளித் துணி நகரம் இது. ரக்பி லீக் விளையாட்டு 1895-இல் இந்த ஊர் ஜார்ஜ் ஹோட்டலில்தான் பிறந்தது. அதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு முன்பே, 1836-இல், இந்தப் பாடகர் குழு தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் முழுப்பெயரைச் சொல்வதில்லை. 'தி கோரல்' என்றாலே போதும்.

பாடுகிறவர்கள் 150-க்கும் 200-க்கும் இடையில். டவுன் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால், பைப் ஆர்கனுக்குக் கீழே, படிப்படியாக உயரும் வரிசைகளில் நிற்பார்கள். அந்த அரங்கு 1881-இல் திறக்கப்பட்டது. சுமார் 1,200 பேர் உட்காரலாம். அதில் இத்தனை குரல் ஒன்றாக எழும்பும்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியே அதிரும்.

அமெச்சூர்னா, சும்மா பொழுதுபோக்குக்குப் பாடறவங்கன்னு அர்த்தமா?

சம்பளம் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். சொல்லப்போனால் பாடுகிறவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள். ஆசிரியர், செவிலியர், கணக்காளர், ஓய்வுபெற்றவர் என்று இந்த மாதிரிக் குழுக்களில் எல்லா வகையினரும் இருப்பார்கள். ஆனால் மேடையில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆர்கெஸ்ட்ரா, நான்கு தனிப்பாடகர்கள், முன்னால் நின்று கையசைத்து இசையை வழிநடத்தும் கண்டக்டர் எல்லாரும் தொழில்முறைக் கலைஞர்கள். அவர்களுக்கு ஊதியம் உண்டு. சந்தா, டிக்கெட், நன்கொடை, உயிலில் எழுதிவைத்த தொகை என்று பல வழிகளில் வரும் பணம்தான் இந்தச் செலவைத் தாங்குகிறது.

'சும்மா' என்ற சொல்லை மட்டும் அவர்கள் காதுபட சொல்லிவிடாதீர்கள். வாராவாரம் ஒத்திகை, வீட்டில் தனிப் பயிற்சி, வருகைப் பதிவு எல்லாம் உண்டு. ஒத்திகைக்குச் சரியாக வராதவரைக் கச்சேரி மேடையில் ஏற்றாத குழுக்களும் இருக்கின்றன.

யார் ஆரம்பிச்சது? சர்ச்சா?

சர்ச் இல்லை. வெஸ்ட்கேட் தெருவில் இருந்த 'பிளௌ இன்' என்ற மதுக்கடையில் பதினாறு ஆண்கள் கூடிப் பேசித் தொடங்கினார்கள். மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று 'கில்' (பழைய அளவு) ஏல் பீர், ரொட்டி, சீஸ் என்று ஆரம்பகால விதிகளிலேயே எழுதிவைத்திருந்தார்கள். எனக்குப் பிடித்த விதி அதுதான்.

ஆனால் பாடுகிறவர்களை வளர்த்தது வழிபாட்டுக் கூடங்கள்தான். இந்தப் பள்ளத்தாக்குகளில் மெதடிஸ்டுகளும், இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே இருந்த மற்றப் பிரிவினரும் ஏராளம். தெருவுக்குத் தெரு ஒரு 'சாப்பல்', சாப்பலுக்கு ஒரு பாட்டுக் குழு. சின்ன வயதிலிருந்தே நான்கு குரலில் (பெண்களின் உயர்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ; ஆண்களின் உயர்குரல் டெனர், தாழ்குரல் பாஸ்) பாடிப் பழகிய கூட்டம் ஊரில் தயாராக இருந்தது. கோரல் அந்தக் குரல்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது.

மில்லுல வேலை பார்த்தவங்க எப்படி இவ்வளவு கஷ்டமான இசையைப் படிச்சாங்க?

இரண்டு காரணங்கள். முதலாவது, டானிக் சோல்-ஃபா. நாரிச் நகரத்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கிய முறையை ஜான் கர்வென் என்ற போதகர் 1840-களிலிருந்து விரிவாக்கிப் பரப்பினார். ஐந்து கோடு, புள்ளி எதுவும் வேண்டாம். டோ, ரே, மி என்பதன் முதலெழுத்துகளை வரிசையாக அச்சடித்தால் போதும். 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். நம் பாட்டில் ஸட்ஜம் பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்ப நகர்கிறதே, அதேதான். சரளி வரிசை பாடியவர்களுக்கு இது அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். எழுத்தை மட்டுமே அச்சடிப்பதால் செலவும் குறைவு. மிஷனரிகள் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். மிசோரம் தேவாலயங்களில் இன்றும் இந்த முறையில்தான் பாடுகிறார்கள்.

இரண்டாவது, மலிவான புத்தகம். 1846-இல் லண்டன் நொவெல்லோ பதிப்பகம் மெசையாவை ஆறு பென்னி விலையில் மாதத் தவணைப் பகுதிகளாக வெளியிட்டது. அதற்கு முன் இசைப் புத்தகம் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். இது வந்தபிறகு ஒரு நெசவாளி தன் சொந்தப் பிரதியை வைத்துக்கொள்ள முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: 'மில் தொழிலாளர்களின் பாட்டு' என்பது பாதிக் கதைதான். கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், மில் முதலாளிகளும் இதில் நிறையவே இருந்தார்கள். சுற்றுலாக் கையேடுகள் அந்தப் பாதியை விட்டுவிடும்.

பெண்கள் முதல்லேர்ந்தே இருந்தாங்களா?

கூடித் தொடங்கிய பதினாறு பேரும் ஆண்கள். ஆனால் சோப்ரானோ இல்லாமல் ஓரட்டோரியோ, அதாவது மெசையா மாதிரியான பெரிய பாட்டுப் படைப்பு, பாட முடியாது. அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரிய நட்சத்திரம் பக்கத்து பிரிக்ஹவுஸைச் சேர்ந்த சூசன் சண்டர்லேண்ட். கசாப்புக் கடைக்காரரின் மனைவி. 'யார்க்ஷயரின் பாட்டரசி' என்று அழைக்கப்பட்ட அவர் விக்டோரியா ராணியின் முன்னாலும் பாடியவர். அவர் பெயரில் 1889-இல் தொடங்கிய இசைப் போட்டி ஹடர்ஸ்ஃபீல்டில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது.

சோஷலிஸ்டுகளைச் சேர்க்க மாட்டோம்னு விதி இருந்துச்சாமே, உண்மையா?

உண்மை. 1842 விதி அது. 'ஹால் ஆஃப் சயின்ஸ்' என்ற இடத்துக்கோ சோஷலிஸ்ட் கூட்டங்களுக்கோ போகிற எவரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதோடு நிற்கவில்லை. குழுவின் நூலகர் தெரிந்தே ஒரு சோஷலிஸ்டுக்கு இசைப் பிரதியை இரவல் கொடுத்தால் அவரையும் நீக்கிவிடுவார்கள். ஹால் ஆஃப் சயின்ஸ் என்பது சோஷலிசச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் ஆதரவாளர்கள் கட்டிய கூடம். சொற்பொழிவு, நடனம், மத எதிர்ப்புப் பேச்சு எல்லாம் அங்கே நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பலுக்குப் போகும் கூட்டத்துக்கு அது ஆகவில்லை.

இசைக்கு அரசியல் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் எடுத்துக்காட்டுவது இந்த விதியைத்தான். பிரதிகள் விலை உயர்ந்திருந்த காலத்தில் இரவலை மறுப்பது என்றால் பாட்டையே மறுப்பது. அதே ஊரில் பிறந்த ஹரால்ட் வில்சன் பிற்பாடு லேபர் கட்சிப் பிரதமரானார். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அவர் சிலைதான் உங்களை வரவேற்கும். இப்போது உங்கள் அரசியலை யாரும் கேட்பதில்லை.

வருஷா வருஷம் அதே மெசையாவா? போரடிக்காதா?

ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஹேண்டல் 1741 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 14 வரை, இருபத்துநான்கே நாளில் எழுதிய படைப்பு இது. பைபிள் வசனங்களைத் தொகுத்துக் கொடுத்தவர் சார்லஸ் ஜெனன்ஸ். 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் அரங்கேறியது. கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால் பெண்கள் வளையம் வைத்த பாவாடையைத் தவிர்க்கவும், ஆண்கள் வாளை வீட்டில் விட்டு வரவும் விளம்பரம் செய்தார்கள். சுமார் 700 பேர் கேட்டார்கள். வசூலில் 142 கடனாளிகள் சிறையிலிருந்து விடுதலையானார்கள்.

அரங்கேறியது ஈஸ்டரை ஒட்டிய காலம் என்பதைக் கவனியுங்கள். டிசம்பருக்கு நகர்ந்தது பின்னால் வந்த பழக்கம். இப்போது ஹடர்ஸ்ஃபீல்டில் மெசையா இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. டவுன் ஹால் இருக்கைகள் குடும்பச் சொத்து மாதிரி கைமாறும் என்று ஊரில் சொல்வார்கள். நம் மார்கழிக் கச்சேரிக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

போரடிக்குமா என்றால், பாடுகிறவருக்கு இல்லை. 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்று தொடங்கும் பகுதியில் ஒவ்வொரு குரலுக்கும் துரித காலத்தில் ஓடும் ஒரு நீண்ட சுரவரிசை வருகிறது. ஒரே உயிரெழுத்தில், சுரம் வழுக்காமல், மூச்சு வாங்குவது தெரியாமல் அதைப் பாட வேண்டும். என் பிரதியில் அந்தப் பக்கம் முழுக்கப் பென்சில் கீறல்கள்: இங்கே மூச்சு, இங்கே மூச்சு விடாதே, இங்கே கண்டக்டரைப் பார், 'வேகம் கூட்டாதே!!' என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு ஒன்று. ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒன்று புதிதாகச் சேரும்.

அல்லேலூயா வரும்போது எல்லாரும் எழுந்து நிக்கறாங்களே, நானும் நிக்கணுமா?

மெசையாவில் வரும் 'அல்லேலூயா' சேர்ந்திசைப் பகுதியை இரண்டாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் கேட்டபோது எழுந்து நின்றார், அரசன் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும், அதனால் வந்த வழக்கம் என்பது கதை. அவர் அந்தக் கச்சேரிக்குப் போனார் என்பதற்கே அக்காலச் சான்று எதுவும் கிடையாது. கதை எழுத்தில் வருவது 1780-இல் ஒருவர் எழுதிய கடிதத்தில். அதற்குள் பல பத்தாண்டு ஓடிவிட்டது.

ஆனாலும் பலர் நிற்கிறார்கள். சிலர் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் எழுந்துவிட்டால் உங்களுக்கு மேடை தெரியாது, எனவே நீங்களும் எழுந்துவிடுவதே நல்லது.

ஹேண்டல் சின்னக் குழுவுக்குத்தானே எழுதினார்? இருநூறு பேர் பாடினா கூச்சலா இருக்காதா?

நல்ல கேள்வி. இசை தெரிந்தவர்கள் சண்டை போடும் இடமும் இதுதான். ஹேண்டல் காலத்தில் பாடியவர்கள் சுமார் இருபது பேர். அவர் இறந்தபிறகுதான் எண்ணிக்கை வீங்கியது: 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாடகர், வாத்தியக்காரர் சேர்த்து ஐந்நூறுக்கு மேல், விக்டோரியா காலத்தில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் விழாக்களில் ஆயிரக்கணக்கில். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய முறைப்படி சின்னக் குழுக்கள் வேகமாக, லேசாகப் பாடத் தொடங்கின. பெரிய கொயர்களைக் கிண்டல் செய்வது அப்போது நாகரிகமானது.

என் கட்சி எது என்றால், இரண்டும் வேண்டும். சின்னக் குழுவில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கேட்கும். பெரிய குழுவில் கிடைக்கும் கனம் அதில் கிடைக்காது. பெரிய குழுவுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்காத இடத்தில் நீங்கள் வாங்க வேண்டும். எல்லாரும் அப்படி மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு சுரம் எவ்வளவு நீண்டாலும் அறுபடாது. கூச்சலாவது மெய்யெழுத்து சிதறும்போதுதான். இருநூறு பேர் 'ஸ்' என்பதை இருநூறு நேரத்தில் சொன்னால் பாம்புப் புற்று மாதிரி கேட்கும். அதைச் சீர்படுத்துவதில்தான் ஒத்திகையின் பெரும்பகுதி போகிறது.

1901 முதல் 1932 வரை கோரலை நடத்திய ஹென்றி கவர்ட் சொல் தெளிவில் கறாரானவர். ஷெஃபீல்டில் கத்தி செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். டானிக் சோல்-ஃபாவில் தானே படித்து மேலே வந்து சர் பட்டம் வரை போனார். முன்சொன்ன சோல்-ஃபா கதைக்கு அவரே சாட்சி.

எப்பவும் பழைய பாட்டுதானா? புதுசா எதுவும் பாட மாட்டாங்களா?

பாடுகிறார்கள், எழுதியும் வாங்குகிறார்கள். குழுவின் நூற்றாண்டுக்காக ரால்ஃப் வான் வில்லியம்ஸ் எழுதிய 'டோனா நோபிஸ் பாசெம்' 1936 அக்டோபர் 2-இல் இந்த டவுன் ஹாலில் அரங்கேறியது. 'எங்களுக்கு அமைதி தாரும்' என்ற வேண்டுதல். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் போர்க் கவிதைகளுக்கு நடுவே, கிரிமியப் போரைப் பற்றி ஜான் பிரைட் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சையும் வைத்திருக்கிறார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூன்று மாதம் முன்புதான் வெடித்திருந்தது. பிறந்தநாள் விழாவுக்குக் கொண்டாட்டப் பாட்டு எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

125-ஆம் ஆண்டுக்காக வில்லியம் வால்டன் 'குளோரியா' எழுதினார்; 1961-இல் பாடினார்கள். அவர் மலைக்கு அந்தப்பக்கம் ஓல்டமில் பிறந்தவர்.

சார்ஜென்ட் சார்ஜென்ட்னு பெரியவங்க சொல்றாங்களே, போலீஸ்காரரா?

மால்கம் சார்ஜென்ட், கண்டக்டர். கவர்டுக்குப் பிறகு 1932-இல் வந்து, 1967-இல் இறக்கும்வரை கோரலை நடத்தினார். லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவின் முகமாக அவரைத்தான் நாடு அறிந்திருந்தது. அவரால்தான் கோரலின் குரல் ஊரைத் தாண்டியது. 1945-இல், போரின் கடைசி மாதங்களில், எட்வர்ட் எல்கரின் 'ஜெரோன்டியஸின் கனவு' படைப்பை முதன்முறையாக முழுமையாக ஒலிப்பதிவு செய்தார்கள். மறு ஆண்டு மெசையா. பக்கத்துக்கு நான்கு நிமிடம் ஓடும் 78 வேக இசைத்தட்டு காலம். நடுவில் ஒருவர் இருமினால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து பாட வேண்டும். இரண்டும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. கீச்சொலியைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

எனக்கு நோட்டேஷன் தெரியாது. சேர முடியுமா?

கோரலுக்குக் குரல் தேர்வு உண்டு. பொதுவாக இத்தகைய தேர்வில் சுரவரிசை பாடச் சொல்வார்கள், பியானோவில் வாசித்த சுரத்தைத் திருப்பிப் பாடச் சொல்வார்கள், பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து அங்கேயே படிக்கச் சொல்வார்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவதில்தான். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்குச் சுருதியும் தாளமும் கைவசம் இருக்கும். ஆனால் கமகம் இல்லாமல் சுரத்தை நேராக நிறுத்துவதும், பக்கத்தில் இருப்பவர் வேறு சுரம் பாடும்போது தன் சுரத்தை விடாமல் இருப்பதும் தனிப் பழக்கம். எனவே முதலில் தேர்வில்லாத ஒரு சமூகக் கொயரில் ஒன்றிரண்டு ஆண்டு பாடுங்கள். இந்த வட்டாரத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

டெனர் என்றால் ராஜமரியாதை. பெரும்பாலான ஆண்களின் குரல் நடுத்தரம், மேலே ஏறாது. ஆகவே எந்த அமெச்சூர் குழுவிலும் டெனர் வரிசை காலியாகவே இருக்கும். சோப்ரானோ என்றால் காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம்.

நான் இந்து. எல்லாம் ஏசுவைப் பத்தின பாட்டா இருக்கே, உறுத்தாதா?

உங்கள் நம்பிக்கையை யாரும் கேட்க மாட்டார்கள். மேலே சொன்னபடி இது சர்ச் குழு அல்ல. நடப்பது கச்சேரி, வழிபாடு அல்ல. கடவுளை நம்பாதவர்களும் இந்தக் குழுக்களில் நிறையப் பேர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய சிக்கலாக இருந்து நான் பார்த்ததில்லை. உறுத்தினால் சேராமல் இருப்பதும் நியாயம்தான். படைப்புகளில் முக்கால்வாசி கிறிஸ்தவ நூல் சார்ந்தவை, அதைத் தவிர்க்க முடியாது.

கொரோனா காலத்துல என்ன ஆச்சு?

2020 மார்ச் 10-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொயர் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். 53 பேருக்குத் தொற்று, இருவர் இறந்தார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று உலகம் முழுக்க அறிந்தது அப்போதுதான். இங்கிலாந்தில் எல்லாக் குழுக்களும் நின்றன. 2021 மே மாதம் மற்றவை திறந்தபோதும், அரங்குக்குள் அமெச்சூர்கள் ஆறு பேருக்கு மேல் பாடக் கூடாது என்று அரசு சொன்னது. தொழில்முறைக் குழுக்களுக்கு அந்த வரம்பு இல்லை. காற்றில் பரவும் கிருமிக்குச் சம்பளப் பட்டியல் தெரியுமா என்று ஆத்திரப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஜூலையில்தான் விலக்கினார்கள்.

அந்த இடைவெளியில் கோரல் செய்த ஒன்று எனக்குப் பிடித்தது. பக்கத்து மார்ஸ்டனில் வளர்ந்த அரசவைக் கவிஞர் சைமன் ஆர்மிடேஜ், ஊரடங்கு எப்படி இருந்தது என்று ஒரே சொல்லில் எழுதியனுப்பும்படி உறுப்பினர்களைக் கேட்டார். வந்த சொற்களிலிருந்து பாடல் எழுதினார். செரில் ஃபிரான்சிஸ்-ஹோட், டேனியல் கிடேன் இருவரும் இசையமைத்தார்கள்.

மேடையில எல்லாம் நரைச்ச தலையா இருக்கே. இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?

இந்தக் கவலை நிஜம். சாப்பல்கள் பல மூடிவிட்டன; அங்கே தானாகக் கிடைத்த பயிற்சி இப்போது பள்ளிகளிலும் அரிது. அதனால் கோரல் தானே சிறுவர், இளைஞர் குழுக்களை நடத்துகிறது. ஆனால் நரைத்த தலை என்பது முழுக்கக் கெட்ட செய்தி அல்ல. பிள்ளைகள் வளர்ந்தபிறகு நேரம் கிடைத்து ஐம்பது வயதில் வந்து சேர்கிறவர்கள் எப்போதும் உண்டு. குரலுக்கு முழங்காலை விட ஆயுள் அதிகம்.

நம்ம ஊர்ல இது மாதிரி உண்டா?

உண்டு. சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கியது. மேற்கத்திய சேர்ந்திசையை இன்றும் பாடுகிறது. இன்னொரு பக்கம், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர், பாரதி பாட்டைப் பல குரலில் பாடியது. அவர் ஊரறிந்த கம்யூனிஸ்ட். 1842 விதிப்படி ஹடர்ஸ்ஃபீல்டில் அவருக்கு ஒரு பிரதிகூட இரவல் கிடைத்திருக்காது.

சரி, முதல் தடவை கேக்கப் போறேன். என்ன தெரிஞ்சிருக்கணும்?

இடைவேளையோடு மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி இருக்கை கிடைத்தால் எடுங்கள். நான்கு குரல்களும் எங்கிருந்து வருகின்றன என்று அங்கிருந்துதான் பிரித்துக் கேட்க முடியும். பாடல் வரிகளை முன்னாடியே ஒருமுறை படித்துவிடுங்கள். உடைக்குக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் கோட்டைக் கழற்றும்படி உள்ளே சூடாக இருக்கும். தனிப்பாட்டுகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை; பக்கத்திலிருப்பவர் தட்டினால் தட்டுங்கள்.

அப்புறம், அல்லேலூயா முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அது இரண்டாம் பகுதியின் முடிவுதான். மூன்றாம் பகுதியில் எக்காளத்தோடு பாஸ் குரல் பாடும் பாட்டு இருக்கிறது, கடைசியில் 'ஆமென்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே பல நிமிடம் ஓடும் கோரஸ் இருக்கிறது. கடைசி ரயிலுக்கு எப்படியும் நேரமிருக்கும். நிலையம் டவுன் ஹாலிலிருந்து சில நிமிட நடைதான்.